சுவரில் ஒரு வெள்ளைச் சட்டை

புரட்டாசி பிறந்து முதல் மழை ஓய்ந்த இரவு. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசல் விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருந்தன. இறக்கையோடு விளக்கடிக்கு வருவதையெல்லாம் எங்கள் தெருவில் ஈசல் என்றே சொல்வோம். என் தாயார் இருந்தவரை அப்படிப்பட்ட இரவுகளில் விளக்கை அணைத்துவிட்டு, அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே ஓர் அகலை ஏற்றிவைப்பார். அன்று அப்படிச் செய்ய யாருமில்லை. விளக்கு விடிய விடிய எரிந்தது. காலையில் கோலம் போடப் போன மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. பூச்சி செத்து ஒட்டிக்கிட்டு இருக்குதேன்னு தட்டப் போனேன். உள்ள ஒண்ணுமே இல்ல."

அவள் சொன்னது சரி. சுவரில் ஒட்டியிருந்தது ஒரு தோல் மட்டும். கால்கள் ஆறும் சுண்ணாம்பைப் பற்றியபடியே இருந்தன. பின்னால் முடியிழை போன்ற இரண்டு வால்கள். முதுகில் நேர்கோடாக ஒரு கிழிசல். இறக்கையின் தோல்கூடச் சுருண்டு அந்தச் சட்டையோடு கிடந்தது. ஊதினால் பறந்துவிடும் அந்த வெண்மையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவன் நான். என் வீட்டுச் சுவரில் நடப்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தேடிப் படித்த பிறகு தெரிந்தது, அது மேஃப்ளை என்ற பூச்சி விட்டுப்போன சட்டை. தேங்கிய குளங்களிலும் ஏரிகளிலும் வளரும் க்ளோயான் என்ற வகையாக இருக்க வேண்டும்; இரண்டு வால் அதற்குத்தான். அந்தத் தோலைப் பற்றிய உண்மை ஒன்று என்னைக் கைகூப்ப வைத்தது. இறக்கை முளைத்துப் பறந்த பிறகு இன்னொரு முறை சட்டை உரிக்கும் பூச்சி இன்று பூமியில் இந்தக் கூட்டம் ஒன்றுதான். வண்ணத்துப்பூச்சி உரிப்பதில்லை, தும்பி உரிப்பதில்லை, ஈசலும் உரிப்பதில்லை. அவற்றுக்கெல்லாம் இறக்கை வந்தால் வளர்ச்சி முடிந்தது. மேஃப்ளை மட்டும் தண்ணீரிலிருந்து மங்கலான, புகைபடிந்த கண்ணாடி போன்ற இறக்கையோடு எழுந்து, கரைக்குப் பறந்து, ஓர் இலையிலோ சுவரிலோ அமர்ந்து, அந்த இறக்கையின் மேல் தோலையும் உரித்துப் போடுகிறது. உள்ளிருந்து வருவது பளிங்கு. அந்த முதல் இறக்கையில் நுண்ணிய மயிர்கள் உண்டு. நீரை விட்டு எழும்போது நனைந்து மூழ்கிவிடாமல் காக்க அது கொடுக்கப்பட்டிருக்கிறது. கரை சேர்ந்த பிறகு அது வேண்டாம். மழைக்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குள் போவது போலத்தான்.

அந்தச் சட்டைதான் என்னைக் கொடைக்கானல் மலையடிவாரம் வரை இழுத்துக்கொண்டு போனது.

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் கும்பக்கரை அருவிக்கு மேலே, பாறைகளுக்கிடையே தண்ணீர் ஓடும் இடம். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போனவன், நீர்ப்பூச்சிகளைப் பற்றி ஆராயும் ஓர் இளைஞரோடு அங்கே போனேன். அவர் கையில் ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு சிறு தூரிகை, கழுத்தில் தொங்கும் லென்ஸ். முழங்கால் அளவு நீரில் இறங்கி, தேங்காய் அளவுக் கல் ஒன்றை மெல்லத் தூக்கி, அதன் அடிப்பக்கத்தைத் தட்டில் கழுவினார்.

"சார், அசையாம பாருங்க. மொதல்ல தூசி மாதிரி இருக்கும்."

தூசிதான். இலைத் துணுக்கு, மணல், பாசி. ஒரு நிமிடம் கழித்து அந்தத் தூசியில் ஒன்று நடந்தது.

லென்ஸில் பார்த்தேன். நெல்மணியைவிடச் சிறியது. பழுப்பு நிறம். பாசி படிந்த கல்லிலிருந்து ஒரு செதிலைப் பெயர்த்தெடுத்து அதற்கு உயிர் கொடுத்தது போன்ற உடல். முதுகோரத்தில் நுணுக்கமான முட்கள். காலின் நுனியில் ஒற்றை நகம். அந்த நகத்தின் உள்வளைவில் ரம்பம் போல் பல் வரிசை உண்டு என்று அவர் சொன்னார். அது நீந்தவில்லை. தட்டிலிருந்த வேறு மேஃப்ளைக் குஞ்சுகள் மீன்குஞ்சு போல் துள்ளியோட, இது ஒரு கால், அடுத்த கால் என்று நிதானமாக ஊர்ந்தது. வயிற்றின் மேல்புறத்தில் ஓடு வேய்ந்தது போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செவுள்கள். அவை படபடவென்று துடித்து நின்றன, மீண்டும் துடித்தன. தட்டில் ஓட்டம் இல்லாததால் தானே நீரை அசைத்து மூச்சு விடுகிறது என்றார் இளைஞர். ஓடும் நீரில் இந்தப் பாடு வேண்டாம். ஆறே அதற்கு மூச்சைக் கொண்டுவந்து தரும்.

"இதுக்குப் பேரு என்ன தம்பி?"

"டெலோகனோடெஸ் வகை சார். முள்முதுகு மேஃப்ளையோட சொந்தக்காரன்."

அந்தச் சொந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எபிமெரெல்லிடே என்பது உலகின் பல பகுதிகளில் குளிர்ந்த மலையாறுகளில் ஊரும் முள்முதுகு மேஃப்ளைகளின் குடும்பம். தென்னிந்தியாவில் அந்தக் குடும்பத்தார் மிகச் சிலரே. 1963-ல் நேபாளத்திலிருந்து விவரிக்கப்பட்ட டோர்லேயா நேபாலிகா மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இருக்கிறது. நம் ஓடைகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது அவர்களுடைய பங்காளிகளான டெலோகனோடிடே. நெடுங்காலம் இவர்களையும் எபிமெரெல்லிடேவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். 1990-களில்தான் தனிக்குடும்பமாகப் பிரித்தார்கள். டெலோகனோடெஸ் என்று 1882-ல் பெயரிட்டவர் ஆல்ஃபிரெட் எட்வின் ஈட்டன், ஒரு பாதிரியார். அவர் அந்தப் பெயரின் கீழ் வைத்த இலங்கைப் பூச்சியை 1858-லேயே விவரித்திருந்தவர் ஹாகன் என்ற ஜெர்மானியர். வழிபாட்டுக்கும் பூச்சிக்கும் இடையில் அந்தப் பாதிரியார் வேறுபாடு பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனத்தை நம் பக்கத்தில் கலைத்தவர்களில் முதன்மையானவர் மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன். பழனி மலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்ற ஓடைகளிலும் பல்லாண்டு கல் புரட்டிய மனிதர். 2009-ல் இந்தியத் துணைக்கண்டத்து மேஃப்ளைகளின் முழுப் பட்டியலைத் தம் சகாக்களோடு வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டு ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தக் குடும்பத்தை மறு ஆய்வு செய்தபோது ஒரு புதிய இனத்துக்கு டெலோகனோடெஸ் கோடை என்று பெயர் வைத்தார்கள். நம் கொடைக்கானலின் கோடை, அறிவியல் பெயராகிவிட்டது. 2014-ல் தென்னிந்தியாவிலிருந்து இரண்டு புதிய பேரினங்களும் ஐந்து புதிய இனங்களும் ஒரே கட்டுரையில் வந்தன. நாம் குளிக்கப் போகிற அருவிகளுக்கு மேலே, நாம் மிதித்து நடக்கிற கல்லுக்கு அடியில், பெயரே வைக்கப்படாமல் இத்தனை காலம் இவை இருந்திருக்கின்றன.

அந்த இரண்டு பேரினங்களில் ஒன்றின் பெயர் ஜானோஹைபெல்லா. மடகாஸ்கர் தீவில் மனோஹைபெல்லா என்று ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் மலையோடைகளிலும் இதே குடும்பம். கடலைத் தாண்டிப் பறக்க இவற்றால் முடியாது. உப்பு நீர் ஆகாது. பறக்கும் வாழ்நாளோ மணிக்கணக்கு. அப்படியென்றால் எப்படி இத்தனை கரைகளில் இறங்கின? இவை எங்கும் போகவில்லை. இவை பற்றியிருந்த கல்தான் போயிற்று. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, இலங்கை எல்லாம் ஒரே நிலமாக இருந்த காலத்தில் ஓடிய ஓடைகளில் இவற்றின் முன்னோர் ஊர்ந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து இந்தியா வடக்கே மிதந்து வந்தபோது, மலைகளோடும் ஓடைகளோடும் இவையும் வந்தன. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கப்பல் ஊதும் சத்தத்தில் தூங்கி எழுந்தவன் நான். காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் இறங்கும் எந்தச் சரக்கைப் பார்த்தாலும் இப்போது எனக்கு இந்த முதல் சரக்கு நினைவுக்கு வருகிறது. நாடே கப்பலாக வந்த பயணம் அது. இறக்கியவர் யார் என்று நான் கேட்பதில்லை, எனக்குத் தெரியும்.

துறைமுகத்துக்காரனுக்கு இன்னொன்றும் உடனே விளங்கும். முள்முதுகுக் குடும்பத்தின் முட்டையில் நங்கூரம் உண்டு. முட்டையின் ஒரு முனையில் தொப்பி போன்ற அமைப்பு. அதில் சுருட்டி வைத்த இழைகள். தாய்ப்பூச்சி வயிற்று நுனியில் முட்டைகளை ஒரே உருண்டையாகத் திரட்டிச் சுமந்து ஆற்றின் மேல் பறக்கும். உருண்டை நீரில் பட்டதும் முட்டைகள் பிரிந்து மூழ்கும். இழைகள் அவிழ்ந்து விரிந்து கல்லைப் பற்றிக்கொள்ளும். காசிமேட்டில் விசைப்படகின் நங்கூரத்தைத் தூக்க எத்தனை கை வேண்டும் என்று பார்த்திருக்கிறேன். இங்கே மணல்துகள் அளவு முட்டைக்கு, காட்டாற்றின் வேகத்தில், தவறாமல் பிடிக்கும் நங்கூரம்.

குஞ்சு பொரித்த பிறகும் பிடிமானமே வாழ்க்கை. வட அமெரிக்க மலையாறுகளில் வாழும் ட்ருனெல்லா டாட்சி என்ற இனத்துக்கு வயிற்றின் அடிப்புறம் முழுக்க மயிர்கள் வட்டமாக நெருங்கி, கல்லோடு ஒட்டிக்கொள்ளும் தட்டாகவே ஆகியிருக்கிறது. எபிமெரெல்லா இனங்கள் சில, இரை தேடும் எதிரி நெருங்கினால் வாலை முதுகுக்கு மேலே தேள் போலத் தூக்கி நிற்கும். கொட்டக் கொடுக்கு இல்லை. ஓடினால் நீர் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே நின்று, தன்னைப் பெரிதாகக் காட்டுகிறது. ஆற்றின் வேகம் கல்லின் மேல்தோலை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் ஏறக்குறைய அடங்கிவிடும். மேலே சீறும் வெள்ளத்துக்குக் கீழே ஒரு மயிரிழை அமைதி. அந்த அமைதியை ஒட்டித் தாழ்ந்து ஊரும்படி இந்த உயிர்களின் உடல் தட்டையாக வார்க்கப்பட்டிருக்கிறது.

பாசியைச் சுரண்டித் தின்றும், அழுகிய இலையை அரைத்துத் தின்றும் மாதக்கணக்கில் இப்படி வளர்கிறது. இருபது, முப்பது முறை சட்டை உரிக்கிறது. கடைசிக்கு முந்திய நாட்களில் முதுகின் இறக்கை மொட்டுகள் கறுக்கும்; உள்ளே இறக்கை மடித்து வைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். பிறகு ஒரு மாலை கல்லை விடுகிறது. பிறந்ததிலிருந்து விடாத கல்லை. தோலுக்கடியில் சேரும் காற்று அதை மேலே தூக்குகிறது. நீர்ப்பரப்பில் முதுகு வெடித்து, சில நொடிகளில் இறக்கையோடு எழுகிறது. அந்த நொடிகளில் மீன்கள் காத்திருக்கும். தப்பியவை கரை சேரும். அங்கே கடைசிச் சட்டையையும் கழற்றும்.

இனிமேல் அதற்கு உணவு இல்லை. வாயின் உறுப்புகள் சுருங்கிப் பயனற்றுப்போயிருக்கும். குடலில் உணவுக்குப் பதில் காற்று. அது மிதக்க உதவுகிறது. பசி என்ற ஒன்றே எடுக்கப்பட்டுவிட்ட உடல். ஆண்கள் அந்தி வெளிச்சத்தில் கூட்டமாக மேலே எழுவதும் தளர்ந்து இறங்குவதுமாக ஆடும். பெண் அந்தக் கூட்டத்துக்குள் நுழையும்போது, கடைசிச் சட்டைக்குப் பிறகு நீண்டுவிட்ட முன்கால்களால் ஆண் அதைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பின் முட்டை, அதற்குப் பின் ஆறு.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே இதை ஒரு நாள் உயிர் என்கிறார்கள். அறிவியல் வரிசைப் பெயரான எபிமெராப்டெராவும் அந்தப் பொருளில்தான். எங்கள் ஊர்க் கடற்கரையில் பட்டினத்தாரின் சமாதி இருக்கிறது. செல்வத்தை உதறி வந்து, நிலையாமையைப் பாடி, திருவொற்றியூரில் அடங்கிய மகான். சிறு வயதிலிருந்து அங்கே போய் உட்கார்ந்து பழகியவன் என்பதால், ஒரு நாள் பூச்சி என்று கேட்டவுடன் எனக்கும் நிலையாமைதான் தோன்றியது. கும்பக்கரையில் அந்தத் தட்டைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் நிலைக்கவில்லை. நாம் விளக்கடியில் பார்ப்பது அதன் கடைசி மாலை. அந்த உயிர் தன் காலத்தை ஆற்றுக்கடியில், கண்ணுக்குப் படாமல், கல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வாழ்ந்து முடித்துவிட்டே வருகிறது. ஒரு நாள் என்று எண்ணியது நம் பார்வையின் குறை. க்ளோயான் வகையில் தாய்ப்பூச்சி, வயிற்றில் முட்டைகள் பொரியும் பக்குவம் வரும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம்கூட உண்ணாமல் இலை மறைவில் காத்திருக்கும் என்று படித்தபோது, என் வீட்டுச் சுவரில் சட்டையைக் கழற்றிப் போனவளும் அப்படி எங்கேயோ முருங்கை இலைக்குப் பின்னால் தவமிருந்திருப்பாள் என்று நினைத்தேன்.

இதே வியப்பில் ஒரு புத்தகமே எழுதியவர் ஆம்ஸ்டர்டாமின் யான் ஸ்வாமர்டாம். 1675-ல் வெளிவந்தது. மேஃப்ளையை லென்ஸுக்குக் கீழே அறுத்து, குடலையும் செவுளையும் வரைந்து, ஒவ்வொரு பக்கத்திலும் படைத்தவனைத் துதித்தார். அவருடைய தகப்பனார் மருந்துக்கடைக்காரர். கீழை நாடுகளிலிருந்து கப்பலில் வரும் அபூர்வப் பொருள்களைச் சேர்த்து வைத்தவர். அந்தக் கப்பல்களின் சரக்கில் ஒரு பகுதி எங்கிருந்து போயிற்று? எண்ணூருக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கே அதைத் தலைமையிடமாக வைத்திருந்தார்கள். நம் கரையின் துணிமூட்டைகள் ஏறிய அதே ஆண்டுகளில் ஆம்ஸ்டர்டாமில் ஒருவர் இந்தப் பூச்சியின் முன் மண்டியிட்டிருக்கிறார். அவர் பார்த்த பெரிய மேஃப்ளை இனம் இன்று அவருடைய நாட்டு ஆறுகளில் இல்லை. ஹங்கேரியின் டிஸா ஆற்றில் இன்றும் கூட்டமாக எழுகிறது.

திரும்பி வந்ததும் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேருமிடம். மேலே பூண்டி நீர்த்தேக்கம், தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, வல்லூர் அணைக்கட்டு என்று தேங்கித் தேங்கி வந்து, அனல்மின் நிலையங்களின் சாம்பலையும் மணலிப் பக்கத்துக் கழிவையும் வாங்கிக்கொண்டு இங்கே வந்து சேர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்து வந்து, வலையும் படகும் அலையாத்தியும் கறுத்தது இந்தக் கழியில்தான். கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த காட்டுக்குப்பத்துப் பெரியவரிடம் நீர்ப்பூச்சியைப் பற்றிப் பேசினேன்.

"உப்புத் தண்ணில அது எப்படி சார் வாழும்? ஆனா ஒண்ணு. மழ பேஞ்சு மேலத் தண்ணி எறங்குனாத்தான் இங்க எறா ஓடும். மேல இருக்கிறது நல்லா இருந்தாத்தான் எங்களுக்கு."

நீரியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். நீரின் தூய்மையை அளக்க உலகெங்கும் மேஃப்ளையை எண்ணுகிறார்கள். உயிர்வளி குறைந்தால் முதலில் போகிறவற்றில் அது ஒன்று. 1953-ல் வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் சில நாள் காற்றே வீசாமல் அடிநீர் மூச்சற்றுப் போனபோது, ஹெக்ஸஜீனியா என்ற மேஃப்ளை கூட்டம் கூட்டமாக அழிந்தது. நாற்பது ஆண்டுகள் அந்த ஏரிக்கரை விளக்குகளில் அது பெரிதாக வரவில்லை. கழிவைக் கட்டுப்படுத்தினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது திரும்பியது; இன்று அது எழும் இரவுகளில் வானிலை ரேடாரில் மேகம் போல் தெரிகிறது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. நீர் சரியானதும் தானே வந்தது.

அந்தப் பெரியவர் சொன்ன 'மேல' என்ற சொல் மனதைவிட்டுப் போகவில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமரைப்பாக்கத்துக்குப் பேருந்து ஏறினேன். அணைக்கட்டுக்குக் கீழே வெள்ளம் வடிந்து, பாறைகளுக்கிடையே தெளிந்த குட்டைகள். பீங்கான் தட்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். முழங்கால் வலிக்கக் குனிந்து, பாசி படிந்த ஒரு கல்லை மெல்லத் தூக்கித் தட்டில் கழுவினேன். தூசி. இலைத் துணுக்கு. அசையாமல் பார்த்தேன்.

முள்முதுகு இல்லை, அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை, அது மலையோடைக்காரன். ஆனால் தட்டின் ஓரத்தில் ஒன்று துள்ளி நின்றது. பச்சை கலந்த சிறு உடல், பின்னால் மூன்று மெல்லிய வால்கள், இருபுறமும் இலை போன்ற செவுள்கள். தட்டில் அடைபட்ட அந்தக் கொஞ்ச நீரை அது தானே அசைத்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. முதுகில் இறக்கை மொட்டு கறுத்திருந்தது. அநேகமாக அன்று மாலையோ மறுநாளோ.

கும்பக்கரையில் அந்த இளைஞர் கிளம்பும்போது சொன்னது நினைவுக்கு வந்தது: "கல்லை எடுத்த வாக்கிலேயே வைக்கணும் சார். அடிப்பக்கம் அடிப்பக்கமாவே இருக்கணும். கீழ குடியிருக்காங்க." தட்டைச் சாய்த்து அதைக் குட்டையில் விட்டேன். கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த வாக்கிலேயே வைத்தேன்.